முறை மாறிய வார்த்தை

கிங்ஸ்டனுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் கிடைத்தது. காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்தால் எழுந்து நிற்பார். கூப்பிட்டது வேறு யாரையோ என்று தெரிந்ததும் மறுபடி உட்காருவார். ஐம்பத்தேழு வயதுக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தோப்புக்கரணம் போடலாம் என்று யாரும் அந்த ஆஸ்பத்திரியில் விதி வைத்திருக்கவில்லை.

உள்ளே நாலாம் நம்பர் கட்டிலில் அவர் மனைவி ஈவாஞ்சலின். பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். போன சனிக்கிழமை காலை தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று பேனாவைக் கீழே போட்டுவிட்டு, "அத்தான், தலைக்குள்ள என்னமோ டப்புன்னு வெடிச்சிட்டு" என்றாள். அடுத்த நிமிஷம் வாந்தி. அதற்கடுத்த நிமிஷம் தரையில் சரிந்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அற்புதமணி அண்ணாச்சி, "வாயுப் பிடிப்பாத்தான் இருக்கும், ஒரு சோடா உடைச்சிக் குடுங்க" என்றார். நல்லவேளையாகக் கிங்ஸ்டன் கேட்கவில்லை. தலைவலி என்று ஒரு நாள் படுத்தறியாத மனுஷி அவள். வாயுப் பிடிப்புக்கு இப்படிச் சுருண்டு விழமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அற்புதமணி அண்ணாச்சியின் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பத்மஜா ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில், இடது பக்கம், ஒரு புடைப்பு. சைக்கிள் டியூப்பில் ரப்பர் மெலிந்த இடம் காற்றடித்ததும் முட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. எத்தனை வருஷமாகவோ சும்மா இருந்தது வெடித்து, ரத்தம் கசிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை மாட்டி அடைத்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று கேட்டதும் கிங்ஸ்டன், "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

"ஸ்தோத்திரம் சொல்லுங்க. ஆனா இப்பவே நிம்மதியாயிடாதீங்க" என்றார் பத்மஜா. "கசிஞ்ச ரத்தம் உள்ளேயே கிடந்து மத்த குழாய்களை உறுத்தும். நாலாம் நாள்ல இருந்து பதினாலாம் நாள் வரைக்கும் எப்ப வேணும்னாலும் அதெல்லாம் சுருங்கலாம். சுருங்கினா ரத்தம் போகாது. அந்தப் பக்கம்தான் பேச்சு இருக்கு, வலது கைக்கான இடம் இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம். பிந்திட்டா முடியாது. அதனாலதான் மணிக்கொரு தரம் கேள்வி கேட்டுப் பார்க்கறோம்."

கிங்ஸ்டனுக்கு இது புரியாத விஷயமில்லை. துறைமுகத்து சிக்னல் கோபுரத்தில் முப்பது வருஷமாக வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிற போகிற கப்பல்களோடு பேசுவது அவர் வேலை. எந்த நாட்டுக் கேப்டனாயிருந்தாலும் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் சொல்வான். சரியாக இல்லாததைக் குரலில் கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் மறுபடி கேட்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்கிற ஒரே விஷயம் அதுதான்.

அவர்களின் ஒரே மகன் ஷாம் கப்பலில் இன்ஜினியர். ஏதோ ஒரு கடலின் நடுவில் இருந்தான். அடுத்த துறைமுகம் வர இன்னும் பத்து நாள். அதனால் அந்த இரும்பு நாற்காலியில் கிங்ஸ்டன் மட்டும்தான்.

மூன்றாம் நாளே ஈவாஞ்சலின் கண் விழித்துப் பேசிவிட்டாள். இடது பக்கம் முடி மழித்த தலையைச் சுற்றிக் கட்டு. அதற்குக் கீழே அதே பழைய வாத்தியார் முகம். நர்ஸ் விஜிலா களியக்காவிளைப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். கையில் அட்டையும் பேனாவுமாக மணிக்கொரு தரம் வந்து நிற்பாள்.

"டீச்சரே, உங்க பேரு என்னா?"

"ஈவாஞ்சலின்."

"இப்போ எங்கெ இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி. தூத்துக்குடி."

"இது எந்த வருஷம்?"

அதையும் சொல்லுவாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். விஜிலாவின் விரலைப் பிடித்து நெரிப்பாள். கண்ணில் டார்ச் அடித்தால் முகம் சுளிப்பாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் கிங்ஸ்டன் உள்ளே போனபோது அவள் கோபமாக இருந்தாள்.

"அத்தான், இந்தப் புள்ள ஒரே கேள்வித்தாள வச்சிக்கிட்டு வருசம் பூரா பரீட்ச வைக்கா. நான் இப்பிடி வச்சா எங்க எச்.எம். சும்மா விடுவாகளா?"

"அது உன் நல்லதுக்குத்தான ஏளா."

"நல்லதுக்குன்னா கேள்விய மாத்திக் கேக்கச் சொல்லுங்க. மக்குப் பிள்ள கூட மனப்பாடம் பண்ணிரும்."

கிங்ஸ்டன் அன்றைக்கு வெளியே வந்து ஒரு டீ குடித்தார். ஐந்து நாளில் முதன்முதலாக டீ ருசியாக இருந்தது.

ஏழாம் நாள் காலை. நெற்றிப்பொட்டில் ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் வேகத்தைப் பார்ப்பார்கள்; குழாய் சுருங்கினால் வேகம் கூடும். அது நேற்றைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் கவலைப்படுகிற அளவுக்கு இல்லை என்றார்கள். குழாய் சுருங்காமலிருக்க நாலு மணி நேரத்துக்கொரு தரம் கொடுக்கிற மாத்திரையும் போய்க்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குக் கிங்ஸ்டன் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது விஜிலா கேள்விகளை முடித்து எழுதிக்கொண்டிருந்தாள். பேர் சரி, இடம் சரி, வருஷம் சரி. நினைவுக்குப் போடுகிற மார்க் பதினைந்துக்குப் பதினைந்து.

ஈவாஞ்சலின் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள்.

கிங்ஸ்டன் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"அண்ணாச்சி, சாப்பிட்டியளா?"

அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். தெருவில் எதிர்ப்படுகிற பெரிய மனுஷரிடம் மரியாதைக்குக் கேட்பது போன்ற அன்பு.

தூத்துக்குடியில் அண்ணாச்சி என்ற வார்த்தைக்கு ஒரு குறைவும் கிடையாது. பலசரக்குக் கடைக்காரர் அண்ணாச்சி, ஆட்டோக்காரர் அண்ணாச்சி, முன்பின் தெரியாத நரைத்த தலைகள் எல்லாம் அண்ணாச்சி. விஜிலாவே வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டவள்; கிங்ஸ்டனையும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஊர் முழுக்கக் கூப்பிடலாம். கட்டிய மனைவி கூப்பிட முடியாது. அண்ணாச்சி என்றால் அண்ணன். அத்தை மகனை அண்ணன் என்று சொன்னால் முறையே மாறிவிடுகிறது. ஈவாஞ்சலின் கிங்ஸ்டனின் மாமா மகள். நாசரேத்தில் இரண்டு வீடும் ஒரே தெரு. மூன்று வயதில் அவள் "அத்தாம், அத்தாம்" என்று மழலையில் கூப்பிட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடியிருக்கிறாள். கல்யாணம் பேசியபோதுகூட வீட்டில் அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டல் கழித்தலுக்கு முன்னால் அவள் படித்தது அது.

"ஏளா ஈவா, நான் யாரு?" என்று கேட்டார்.

அவள் மறுபடி சிரித்தாள். பதில் சொல்லவில்லை. "நேரமாச்சு அண்ணாச்சி" என்று விஜிலா வந்துவிட்டாள்.

கதவுக்கு வெளியே ஓரமாகக் கூட்டிப் போய்க் கிங்ஸ்டன் அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சிஸ்டர், அவ என்னைய... வழக்கமா கூப்பிடுத மாதிரி கூப்பிடல."

"எப்படி விளிச்சாங்க?"

"அண்ணாச்சின்னு."

விஜிலாவுக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்கவில்லை. "எங்க அம்மை அப்பாவ சேட்டாண்ணுதான் விளிப்பா. சேட்டன்னா அண்ணன்தானே. சினேகத்துல விளிக்கிறதுதான் அண்ணாச்சி."

மனசு கேட்காமல் டியூட்டி டாக்டர் ரங்காவைப் போய்ப் பார்த்தார். ரங்கா ஆழ்வார்திருநகரிப் பையன். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். அன்றைக்குக் காலையிலிருந்து இரண்டு விபத்துக் கேஸ்களைப் பார்த்துவிட்டுக் கையில் ஆறிப்போன காபியோடு நின்றிருந்தான்.

"ஸ்கோர் எல்லாம் ஃபுல்லா இருக்கே சார்" என்றான் அட்டையைப் புரட்டிவிட்டு. "கூப்பிடறதுல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். எங்க அம்மா அப்பாவ 'ஏன்னா'ன்னுதான் கூப்பிடறா. அதுவும் அண்ணாவில இருந்து வந்ததுதானே. நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?"

களியக்காவிளையில் அது சேட்டா. ஆழ்வார்திருநகரியில் அது ஏன்னா. இரண்டு ஊரிலும் புருஷனை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாசரேத்துக்காரர் தன் வீட்டில் அந்த வார்த்தை எவ்வளவு பெரிய விபரீதம் என்பதை எப்படி எடுத்துச் சொல்லுவார்? ஒரு வேளை தனக்குத்தான் தூக்கமில்லாமல் புத்தி பேதலிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு கிங்ஸ்டன் நாற்காலிக்குத் திரும்பினார். ஐந்து மணிக்கு மறுபடி பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டார்.

அந்த வராந்தாவைத் துடைக்கிற பேச்சித்தாய் விளாத்திகுளத்துக்காரி. ஆறு நாளாக அவர் காலைத் தூக்கச் சொல்லிச் சொல்லித் துடைத்தவள்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்பிடிக் கெடக்கு? டீச்சரம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

டாக்டரிடம் சொல்ல வராதது அவளிடம் வந்துவிட்டது. "என்னைய அண்ணாச்சிங்கா" என்றார்.

பேச்சித்தாயின் கையில் மாப் அப்படியே நின்றது. "யாரு? கட்டுன பொஞ்சாதியா?"

"ஆமா."

"எம் புருசன் குடிச்சிட்டு வந்து கெடக்கையில நான் அந்த ஆளச் சொல்லாத சொல்லு கெடையாது. ஆனா அண்ணாச்சின்னு சொன்னதில்ல. யாரு சொல்லுவா?" அவள் குரல் தாழ்ந்தது. "இங்கன உக்காந்து என்ன செய்யிய? உள்ள போயிச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன். அவங்களுக்கு அது தப்பாத் தெரியல."

"என்னன்னு சொன்னிய?"

"வழக்கமாக் கூப்பிடுத மாதிரி கூப்பிடலன்னு."

"வழக்கமா எப்பிடிக் கூப்பிடுவாகன்னு சொன்னியளா?"

கிங்ஸ்டன் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். சொல்லவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம், மகன் வயதுப் பையனிடம், என் மனைவி என்னை அத்தான் என்று கூப்பிடுவாள் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. கோயில் கமிட்டியில் இருக்கிற மனுஷர். வீட்டுக்குள் புழங்குகிற வார்த்தையை வெளியே எடுத்துப் பழக்கமில்லை. அந்தக் கூச்சத்துக்காகத்தான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்ததும் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கடலில் இருக்கிறவன் உயிருக்காக ஒரு வார்த்தையைப் பத்துத் தடவை திருப்பிக் கேட்கிறவர், தன் மனைவி உயிருக்காக ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

எழுந்து உள்ளே ரங்காவிடம் போனார். அனுமதி கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டர், அவ என்னைய அத்தான்னுதான் கூப்பிடுவா" என்றார். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மூன்று நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு வயசுல இருந்து அத்தான். ஒரு நாள் தப்பினதில்ல. வேற வார்த்த அவ வாயில வராது. எங்க வழக்கத்துல அண்ணாச்சின்னா கூடப்பிறந்த முறை. அவளுக்கு நான் யாருங்கதே தட்டுப்படல டாக்டர்."

ரங்கா காபியைக் கீழே வைத்தான்.

"பேரு, ஊரு, வருசம் மூணையும் அவ மனப்பாடம் பண்ணிட்டா" என்றார் கிங்ஸ்டன். "மணிக்கொரு தரம் அதையே கேட்டா யாருக்குத்தான் வராது? அவளே சொன்னா. நீங்க கேள்விய மாத்திக் கேளுங்க. அதுக்குப் பிறகும் சரியா இருந்தா நான் வெளிய போயிருதேன்."

இதில் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள ரங்காவுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகவில்லை என்பது அவனுக்குப் பெருமை. கிங்ஸ்டனையும் கூட்டிக்கொண்டு நேரே நாலாம் நம்பருக்குப் போனான்.

"டீச்சர், உங்க பேரு?"

"ஈவாஞ்சலின்."

சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்துக் காட்டினான். "இது என்ன?"

அவள் உற்றுப் பார்த்தாள். "சிவப்பு" என்றாள்.

கைக்கடிகாரத்தைக் காட்டினான். "இது?"

"பெல்லு." உடனே தலையை ஆட்டினாள். இல்லை, அது இல்லை. "பெல்லு... பெல்லு..."

"இவர் யாரு?"

ஈவாஞ்சலின் கிங்ஸ்டனைப் பார்த்தாள். வாய் திறந்தது. நாக்கு எதையோ தேடியது. "அண்ணாச்சி" என்றாள். சொன்ன அந்த நொடியிலேயே அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. கண் கலங்கியது. தப்பு என்று தெரிகிறது, சரி எது என்று தெரியவில்லை. கரும்பலகையின் முன்னால் நின்று மற்றவர்களை அப்படித் தவிக்கவிட்டுப் பழகியவள் இப்போது தானே தவித்துக்கொண்டிருந்தாள். கிங்ஸ்டனால் பார்க்க முடியவில்லை.

"கண்ண மூடிக்கோங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க. அப்படியே வச்சிருங்க."

விஜிலா கேட்கும்போது தூக்கி உடனே இறக்கிவிடுவாள். ரங்கா பத்து எண்ணினான். ஆறு எண்ணுவதற்குள் வலது உள்ளங்கை மெல்லத் திரும்பியது. எட்டில் அந்தக் கை அவளுக்கே தெரியாமல் கீழே இறங்க ஆரம்பித்தது. விஜிலா "அய்யோ" என்றாள், தனக்குள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பத்மஜா புற நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு மாடி ஏறி வந்தார். ரத்த அழுத்தத்தை ஏற்ற மருந்து போட்டார்கள். இத்தனை நாளும் ஏறக் கூடாது ஏறக் கூடாது என்று காத்த அழுத்தத்தை இப்போது வேண்டுமென்றே ஏற்றினார்கள், சுருங்கிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளுவதற்கு. மறுபடி ஸ்கேன். இடது பக்கத்துக் குழாய் நூலாய் இளைத்துத் தெரிந்தது. அழுத்தம் ஏறி ஒரு மணி நேரமாகியும் கை தேறவில்லை. பத்மஜா ஒரு தாளை நீட்டினார்.

"தொடையில ஒரு குழாய் வழியா உள்ளே போய், சுருங்கின இடத்துலயே நேரா மருந்து விடப் போறேன். இதிலயும் ஆபத்து இருக்கு. விட்டா இதைவிடப் பெரிய ஆபத்து."

கிங்ஸ்டன் கையெழுத்துப் போட்டார். "பேச்சு வருமா டாக்டர்?"

"நேரத்துல பார்த்திருக்கோம்" என்றார் பத்மஜா. வரும் என்று அவர் சொல்லவில்லை. கிங்ஸ்டன் அதையும் கவனித்தார்.

பகல் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை அவர் அந்த நாற்காலியில் இருந்தார். பேச்சித்தாய் ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள், எடுத்துக்கொண்டும் போனாள். ஜெபம் பண்ண முயன்றார். வார்த்தை கோர்வையாக வரவில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும் என்று ஆண்டவரிடம் பேரம் பேசிப் பார்த்தார். அது பொய் என்று அவருக்கே தெரிந்தது. அவருக்கு ஆளும் வேண்டும், பேச்சும் வேண்டும், காலையில் குளியலறைக்கு வெளியே நின்று "அத்தான், எவ்வளவு நேரம்?" என்று கத்துகிற கத்தலும் வேண்டும். எதையும் விட்டுக்கொடுக்க அவர் தயாராயில்லை.

நாலரை மணிக்கு வெளியே வந்த பத்மஜா, குழாய் விரிந்து ரத்தம் ஓடுகிறது என்றார். சேதம் எவ்வளவு என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அந்த இடமே செத்துப்போயிருக்கும். அண்ணாச்சின்னு கூப்பிட்டதையெல்லாம் எங்க கருவி எதுவும் பிடிக்காது சார்."

எட்டாம் நாள் ஈவாஞ்சலின் பேசவில்லை. கண் திறந்தாள், மூடினாள். ஒன்பதாம் நாள் "ம்" என்றாள். வலது கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், அது இறங்கவில்லை. ரங்கா நாலாம் நம்பர் கட்டிலின் அட்டையில் தன் கையால் ஒரு வரி எழுதி வைத்திருந்தான்: கணவரை 'அத்தான்' என்று அழைப்பார், வேறு விதமாக அழைத்தால் உடனே டாக்டருக்குத் தெரிவிக்கவும். மூன்று ஷிப்ட் நர்ஸுகளும் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு வெளியே கிங்ஸ்டனைப் பார்க்கிறபோது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஆறு நாளைக்கு முன்னால் என்றால் அவர் வெட்கத்தில் துறைமுகத்துக்கே ஓடியிருப்பார். இப்போது அதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. விஜிலாவும் மாறிவிட்டாள். புதிதாக யார் வந்து படுத்தாலும் வீட்டாரைப் பிடித்து, "இவங்க உங்கள எப்படி விளிப்பாங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். கேள்விகளையும் தினம் மாற்றினாள். நேற்றுச் சீப்பு, கரண்டி, சாவி. இன்றைக்குக் குடை.

பத்தாம் நாள் பதினொரு மணிக்குக் கிங்ஸ்டன் உள்ளே போனபோது கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தார்கள். விஜிலா தன் கைபேசியிலிருந்த குடைப் படத்தைக் காட்டினாள்.

"குட" என்றாள் ஈவாஞ்சலின். மெதுவாக, கரகரத்த குரலில். மூன்று நாளில் அவள் சொன்ன முதல் முழு வார்த்தை.

விஜிலாவின் முகம் மலர்ந்தது. அடுத்த படம். "ஏணி." அடுத்தது. கொஞ்சம் நேரம் எடுத்தது. "பூட்டு."

"டீச்சரே, அப்போ இவரு யாரு?"

கிங்ஸ்டன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஈவாஞ்சலின் அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. உதடு அசைந்து நின்றது, மறுபடி அசைந்தது. ஏழாம் நாள் பார்த்த அந்தத் தவிப்பை அவர் மறுபடி எதிர்பார்த்தார். அது வரவில்லை. வகுப்பில் விடையைத் திட்டமாகச் சொல்லுகிற குரலில் அவள் சொன்னாள்.

"கிங்ஸ்டன்."

விஜிலா திடுக்கிட்டு அட்டையைப் பார்த்தாள். அட்டையில் இருப்பது அது இல்லை. "டாக்டர விளிக்கட்டா?" என்று கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நில்லும்மா" என்றார் கிங்ஸ்டன்.

ஈவாஞ்சலின் விஜிலாவைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டாள். ஒவ்வொரு வார்த்தையாக, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "பரீட்சையில... பேருதான... எழுதணும். அத்தான்னு எழுதினா... திருத்துதவளுக்கு... எந்த அத்தான்னு... எப்பிடித் தெரியும்?"

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு எனக்கு மொகம் தெரிஞ்சிது அத்தான். வார்த்ததான்... கெடைக்கல. நீங்க பயந்திட்டிய."

"ஆமாளா" என்றார் கிங்ஸ்டன். "ரொம்பப் பயந்திட்டேன்."

அவர் அழுதார். விஜிலா இருக்கிறாளே என்று பார்க்கவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாத வீட்டில் பிறந்தவள் அவள். வீட்டு வாசலில் தபால்காரர் கேட்டால்கூட நிலைப்படியில் இருக்கிற பெயர்ப்பலகையைத்தான் காட்டுவாள். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவள் வாயால் அந்தப் பேரைக் கேட்டிருக்கிறார். நாசரேத் கோயிலில், கல்யாணத்தன்று, உடன்படிக்கை வாக்கியத்தில் மாப்பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால், சபைப் போதகரான ஐயர் சொல்லச் சொல்ல, முன்வரிசைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள். சாவு வந்து பிரிக்கிறவரைக்கும் என்று முடிகிற வாக்கியம் அது. சொல்லி முடித்துவிட்டு அன்றைக்கு முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு முக்காடு இல்லை. பாதித் தலையில் முடிகூட இல்லை. அவள் நேராகவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.